கையிலே தொங்குகிறவரும் காலிலே நிற்கிறவரும்

அன்று காலை மணற்காட்டுக் கடற்கரையில் நின்றவர்கள் இவர்கள். நான், நாலு சில்லுக் குவாட் பைக்கில் ஆட்களை மணல்மேடுகள் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறவன். எங்கள் முதலாளி, சுவிசிலிருந்து திரும்பி வந்து இந்தத் தொழிலைத் தொடங்கியவர். உடுவிலிலிருந்து வந்த கந்தையா ஐயா, கமக்காரர், எழுபத்தாறு வயது. அவருடைய மனைவி, எழுபத்திரண்டு வயது. அவர்களைக் கொண்டுவந்த வான்காரர். அவர் வந்ததும் சீற்றைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார்.

1. இரண்டு ஓம்

ஐயா பைக்கைச் சுற்றிப் பார்த்தார். சில்லைக் காலால் தட்டினார்.

"தம்பி, நாப்பது வருசம் லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் பிடிச்சவன் நான். உது விளையாட்டுச் சாமான்."

அதற்குள் அம்மா சவுக்குமரத்தடிக் கதிரையில் இருந்துவிட்டார். மடியில் தன் பை. பக்கத்தில் ஐயாவின் பை, சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல். ஐயாவின் செருப்பும் காலடியில்.

"அம்மா வரேல்லையோ?" என்று ஐயாவிடம் கேட்டேன்.

"அவவுக்கு இடுப்பிலை நாரி நோ. எங்கை போனாலும் அவதான் சாமான் பாக்கிறவ. ஒரு ஆள் வேணுமெல்லே?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஓம் ஓம்," என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஓம் என்றால் சம்மதம். இரண்டு ஓம் என்றால் விடு, கதையாதே. என் வீட்டிலும் அப்படித்தான். தெரிந்தும் நான் பேசாமல் விட்டேன். அது என் பிழை.

2. ஆட்டிப் பார்ப்பது

தொடங்கிய காலத்தில் வயதானவர்கள் வந்தால் "ஏலுமோ?" என்று கேட்போம். எல்லோரும் "ஏலும்" என்பார்கள். ஏலாது என்று சொல்லிய ஒரு ஆம்பிளையை நான் இன்னும் காணவில்லை.

ஏலும் என்று சொன்ன ஒருவர் இரண்டாவது மேட்டில் விழுந்தார். குவாட் பைக்கில் அக்சிலேற்றர் வலது பெருவிரலுக்குக் கீழே இருக்கிறது. பயந்தவர் கைப்பிடியை இறுக்குவார். இறுக்கினால் பெருவிரல் அமரும். அமர்ந்தால் பைக் இன்னும் பாயும். பாய்ந்தது. காறை எலும்பு முறிந்தது. ஆசுப்பத்திரி போகுமட்டும் நான்தான் அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். அவர் வழி முழுக்க "எனக்கு ஒண்டுமில்லை" என்றே சொன்னார்.

முதலாளி அறுபத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்றார். நான் வயதில் ஒன்றுமில்லை என்றேன். பிறகு எனக்கு ஒரு வழி தோன்றியது.

நான் முன்பு கடற்றொழில் செய்தவன். புது ஆளைக் கடலுக்குக் கொண்டுபோக முன் இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தில் ஏற்றுவோம். இரண்டு பேர் விளிம்பைப் பிடித்து ஆட்டுவோம். விளிம்பில் கையால் தொங்குகிறவன் கரையில் நிற்கட்டும். காலால் நிற்கிறவன் வரட்டும். அவ்வளவுதான்.

அதையே பைக்கிலும் செய்கிறேன். என்ஜின் நிறுத்தி, ஆளை இருத்தி, பின் கரியரைப் பிடித்து ஆட்டுவேன். முகத்தைப் பார்ப்பதில்லை. விரல் மூட்டு மொளியைப் பார்ப்பேன். வெள்ளையாகினால் சரிவராது.

3. கதிரை மாறியது

ஐயாவை இருத்தி ஆட்டினேன். முதல் ஆட்டத்திலேயே மொளி வெளுத்தது. பெருவிரல் அமர்ந்தே இருந்தது. என்ஜின் ஓடியிருந்தால் சவுக்குமரத்தில் மோதித்தான் நின்றிருப்பார்.

முதலாளி என் காதில், "அண்ணை, உவரைக் கோவிக்கப் பண்ணாதேங்கோ," என்றார்.

நான் ஐயாவிடம், "உங்களுக்குச் சரிவராது," என்றேன்.

"ஆர் சொன்னது? என்ரை கையைப் பார். இரும்பு."

"கை இரும்புதான் ஐயா. அதுதான் வில்லங்கம். லாண்ட்மாஸ்டரைக் கையாலை அமத்திப் பிடிக்கவேணும். நாப்பது வருசப் பழக்கம். இதை அமத்தினால் பாயும்."

"பின்னாலை இருந்தால்?"

"என்னை அமத்துவீங்கள்."

முதலாளி சிரித்துவிட்டார். ஐயா சிரிக்கவில்லை.

"அப்ப வந்த வழியே திரும்பிப் போறதோ? இஞ்சரப்பா, சாமானை எடு."

அம்மா எடுக்கவில்லை.

"தம்பி," என்றார். "என்னை ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ."

ஐயா திரும்பினார். "உனக்கு விசரே? நாரி நோவெல்லே?"

"நாரி என்ரைதானே. கீரிமலைக்குப் போனால் எல்லாரும் கேணியிலை இறங்குவினம், நான் உடுப்புப் பாக்கிறது. நயினாதீவுக் கோயிலுக்குப் போனாலும் செருப்புப் பாக்கிறது. இண்டைக்கு உங்களை விடேல்லை. நீங்கள் கொஞ்சம் சாமானைப் பாருங்கோ."

நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். எலும்பு முறிந்ததோ? இல்லை. நாரியில் ஒப்பரேசன்? இல்லை. கால் விறைக்கிறதோ? இல்லை. குனிந்து வேலை செய்து வந்த நோ, டொக்டர் நடக்கச் சொன்னவர். பிரஷர் குளிசை? போட்டாயிற்று.

ஏறுவதற்கு ஒரு கட்டையை வைத்தேன். கால் வைத்து ஏறினார். பின் சீற்றில் இருத்தி ஆட்டினேன்.

நான் எத்தனையோ பேரை ஆட்டியிருக்கிறேன். கடலிலும் கரையிலும். இப்படி ஒன்று கண்டதில்லை. பைக் இடப்பக்கம் போனது, முழங்கால் விட்டுக்கொடுத்தது. வலப்பக்கம் போனது, மற்ற முழங்கால் விட்டுக்கொடுத்தது. இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையவில்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தன. பலமாக ஆட்டினேன். முதலாளியும் வந்து பிடித்தார். அம்மா அப்படியே இருந்தார்.

"பிடியுங்கோ அம்மா," என்றேன்.

"பழக்கமில்லைத் தம்பி. சண்டை நேரம் கிளாலிக் கடலாலை போட்டிலை போகேக்கை மடியிலை ஒரு பிள்ளை, கக்கத்திலை ஒரு பிள்ளை. பிடிக்கிறதுக்குக் கை எங்கை இருந்தது?"

நான் கரியரை விட்டேன்.

ஐயா மெல்லப் போய்க் கதிரையில் இருந்தார்.

4. முதுகில் தட்டு

ஹெல்மெற் போட்டு, நாரிப் பட்டி கட்டினேன். கையைப் பின் சீற்றுக் கைப்பிடியில் வைத்தே ஆகவேண்டும் என்றேன். "நொந்தால் என்ரை முதுகிலை ஒரு தட்டு. நிப்பாட்டுவன்."

முதலாவது மேட்டில் ஏறினோம். உச்சியில் முதுகில் ஒரு தட்டு.

நிறுத்தினேன். "நோகுதோ அம்மா?"

"இல்லை. போங்கோ."

இரண்டாவது மேடு. ஒரு தட்டு. நிறுத்தினேன்.

"நாரியோ?"

"ஐயோ தம்பி, ஏன் நிக்கிறீங்கள்? நான் மேடு எண்ணுறன்."

"தட்டினால் நோ எண்டெல்லே சொன்னனான்?"

"அப்ப நொந்தால் கத்துறன். இது கணக்கு. எண்ணிக்கொண்டு போனால் பயம் வராது. போட்டிலை பிள்ளையளுக்கும் முதுகிலை தட்டி அலையை எண்ணித்தான் கொண்டுபோனனான்."

அதன் பிறகு நான் நிற்கவில்லை. மெதுவாக ஓட்டினேன். மேட்டை நேராக ஏறி நேராக இறங்கினேன், சரிவில் குறுக்கே போகவில்லை. ஒவ்வொரு உச்சியிலும் தட்டு விழுந்தது. எனக்குக் கணக்குத் தவறிவிட்டது. அம்மாவுக்குத் தவறியிருக்காது என்று நினைத்தேன்.

பெரிய மேட்டில் என்ஜினை நிறுத்தினேன். கீழே கடல். பின்னால் மணல், சவுக்கு, பனை. காற்று மணலைக் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போனது. நான் நாளாந்தம் பார்க்கிற இடம். அன்று நான் கடலைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தேன். இறங்கி, இடுப்பில் கை வைத்து, நிமிர்ந்து நின்றார். கையில் ஒரு பையும் இல்லை. வெகுநேரம் நின்றார். கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்கிறதுபோல் எனக்கு இருந்தது.

"சரி," என்றார். "போவம். அந்த மனிசனுக்குப் பசிக்கும்."

5. திரும்பியது

ஐயா இரண்டு பையையும் மடியில் வைத்து, சாப்பாட்டுப் பெட்டியைக் கையால் அணைத்தபடி இருந்தார். போனபோது இருந்த இடத்திலேயே இருந்தார்.

"நாரி?" என்றார்.

"இருக்கு."

"என்ன கண்டனீ?"

"மேடு. முப்பத்தொண்டு."

"உவ சும்மா சொல்லுறா," என்று ஐயா என்னிடம் சொன்னார். ஆனால் பையை அவரே வானுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிமாருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வயதைக் கேளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். ஏலுமோ என்று கேட்காதீர்கள். எலும்பையும் குளிசையையும் கேளுங்கள். ஆட்டிப் பாருங்கள். கையில் தொங்குகிறவர் முப்பது வயதென்றாலும் இறக்கிவிடுங்கள். மனைவியைப் பற்றிப் புருசனிடம் கேட்காதீர்கள். கதிரையில் இருக்கிறவரையும் ஆட்டிப் பாருங்கள்.

அடுத்த நாள் காலை ஆட்கள் வர முன், அதே தடத்தில் தனியாகப் போனேன். அந்த வழியை நான் அதுவரை எண்ணியதில்லை. ஒவ்வொரு உச்சியிலும் பெற்றோல் டாங்கில் ஒரு தட்டுத் தட்டினேன்.

முப்பத்தொன்று.