கணுக்காலுக்கு மேலே நாலு விரல்

கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளி முன்னெலும்பு முறிந்தால், கீறித் தகடு வைத்து, திருகாணி போட்டுச் சேர்ப்பது சர்ஜன் வேலை. அந்த சர்ஜனைச் சமாளிப்பது தியேட்டர் நர்ஸ் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரத்திலும் பிறகு திண்டிவனத்திலும் நான் அந்த இரண்டாவது வேலையைப் பார்த்தேன். இரண்டு ஊரிலும் ஒரே சர்ஜன்தான்; ஆஸ்பத்திரி மாறியபோது என்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கேட்ட கத்தியையும் எடுத்துக் கொடுத்து, கேட்காத திட்டையும் வாங்கிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தச்சர் சொன்ன யோசனை

எங்கள் சர்ஜன் முதன்முதலாகத் தகடு வைத்தது கோலியனூர்த் தச்சர் ஒருவருக்கு. மாமரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தோம். ஆள் முழு நினைவோடு இருந்தார். நடுவில் ஒரு துணித் திரை. சர்ஜன் துளைக்கருவியைக் கையால் சுற்றி எலும்பில் துளை போட்டார், திருகாணியை முடுக்கினார். அது சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. “என்னம்மா கொடுக்கிறே நீ?” என்று என் மேல் பாய்ந்தார். கேட்டதைத்தான் கொடுத்தேன் என்று சொல்ல முடியுமா?

அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது: “டாக்டரே, ஓட்டைய பெருசா போட்டுக்கினு இருக்கீங்க, அதான் மறை புடிக்கல. அந்தம்மாவ ஏன் திட்றீங்க? சின்னதா போட்டுப் பாருங்க.”

சீமைச் சரக்கு

ஒரு மிராசுதார் தன் காலுக்குள் சீமைத் தகடுதான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எங்களிடம் இருந்தது ஒரே பெட்டி, ஒரே ரகம். எந்த ஊரில் செய்தது என்று சர்ஜனுக்கே தெரியாது. “உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன்” என்று கூசாமல் சொல்லிவிட்டு, அதே பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். கால் நன்றாகவே கூடியது. மிராசுதார் வார்டு வழியாகத் தடி இல்லாமல் நடந்து போனார். மற்ற நோயாளிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் சொன்னது: “உள்ளூர்ச் சரக்கா இருந்தா இந்நேரம் துரு புடிச்சிருக்கும்.”

முக்காடு போட்டு வந்தவர்

அனந்தபுரம் பக்கத்தில் எலும்புக்குக் கட்டுப் போடும் ஒருவர் இருந்தார். முட்டையும் பச்சிலையும் வைத்து, மூங்கில் பத்தை கட்டி அனுப்புவார். சிலருக்குக் கூடும், சிலருக்குப் பாதம் வேறு திசையைப் பார்த்துக்கொண்டு கூடும். அப்படிக் கூடியதை மறுபடி உடைத்து நேராக்குவது எங்கள் தலையில் விழும். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் நின்றுகொண்டு, ‘ஆஸ்பத்திரியில கத்தி வச்சா காலு அழுகிடும்’ என்று பிரசாரம் வேறு.

ஒருநாள் மாட்டு வண்டியில் முகத்தை மூடிக்கொண்டு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முக்காட்டை விலக்கினால் அவரேதான். ஏற்றம் இறைக்கும் இடத்தில் வழுக்கி, அதே நாலு விரல் இடத்தில் முறிவு. “நீங்களே ஒரு கட்டுப் போட்டுக்கலாமே?” என்று கேட்டேன். கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னார்: “நான் கட்னதெல்லாம் ஊரான் காலும்மா. இது என் காலு.”

காட்டுவதற்கு ஒரு கால்

மரக்காணத்துப் பக்கத்திலிருந்து வந்தவர் மீன் பிடிப்பவர். கரை ஏறிய கட்டுமரம் புரண்டு காலில் விழுந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. புண் முழுக்க மணல். முதலில் புண்ணைக் கழுவி ஆறவிட வேண்டும், தகடெல்லாம் பிறகுதான். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே இந்த சர்ஜன்தான். ஆனால் மறுநாள் பட்டணத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் பார்வையிட வருவதாக இருந்தது.

“சார், புண்ணுல மணல் இருக்குது” என்றேன். “தெரியும், தகட்டை எடும்மா” என்றார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதில் நான் சர்ஜனைவிட எந்த விதத்திலும் உசத்தியில்லை. வந்த பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் சீழ். பிறகு தையல் பிரிந்து புண்ணுக்குள் தகடு பளபளவென்று தெரிந்தது.

தகட்டை எடுத்து, மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்து, ஒருவழியாகக் கால் பிழைத்தது. ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. அசையும் கட்டுமரத்தில் நிற்க அந்தக் காலால் ஆகாது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவர் மனைவி, கழற்றிய தகட்டைக் கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சர்ஜனின் மேஜை மேல் அதை வைத்துவிட்டுக் கேட்டாள்: “இத்த எங்க வூட்டுக்காரருக்கு வச்சீங்களா, வந்தவருக்குக் காட்டறதுக்கு வச்சீங்களா?”

இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அந்த நாலு விரல் இடத்தில் சதை கம்மி, ரத்த ஓட்டம் கம்மி, பெருமை பேசுகிறவர்கள் மட்டும் ரொம்ப ஜாஸ்தி.