வரும்போதே இருந்த கீறல்

நாற்பத்தொரு வயதில் பொம்மைக்கு டயர் மாற்றுகிறவன் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மடக்கினால் லாரி, கைகாலை விரித்தால் ரோபோ. அப்படிப்பட்ட பொம்மைகள் என்னிடம் ஒன்பது இருக்கின்றன. அவற்றில் எனக்கு ஆகாதது அந்தப் பிளாஸ்டிக் சக்கரம்தான். டைல்ஸ் தரையில் உருளாமல் வழுக்கும், கடகடவென்று சத்தம் வேறு. அச்சுக் கம்பியைத் தட்டி எடுத்து, சக்கரத்தின் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்து, மேலே ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டால் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடும். வளையத்துக்கு அலைய வேண்டியதில்லை. எங்கள் பனியன் கம்பெனி மெக்கானிக்கிடம் எல்லா அளவிலும் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வெயிலில் ஆடும்போது நானும் வாசலில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருப்பேன். "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குங்க காயுது?" என்பாள் என் மனைவி.

முதலிபாளையம் பக்கம் ஒரே காம்பவுண்டில் நாலு வீடு. எதிர் வீட்டில் எங்கள் கம்பெனி அயர்ன் மாஸ்டர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவருடைய எட்டு வயது மகள், என் லாரி சாய்ந்த பலகையில் வழுக்காமல் இறங்குவதைப் பார்த்துவிட்டாள். உடனே ஓடிப்போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தாள். சிவப்பு லாரி, ரோபோவாக நின்றால் நெஞ்சும் காலும் வெள்ளை. இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு, போன தீபாவளிக்குத்தான் அது கிடைத்தது.

"எனக்கும் இந்த டயர் போட்டுத் தாங்க மாமா. ஆனா ரோபோவா நிக்கணும், என்ன?"

"அதெல்லாம் நிக்கும் கண்ணு" என்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், கம்பெனியில் செக்கிங் டேபிளிலேயே உட்கார்ந்து ஆறு சக்கரத்துக்கும் மாட்டினேன். கச்சிதமாக வந்தது. அச்சுக்கு விட்ட மிஷின் ஆயில் மட்டும் ஒரு சொட்டு வழிந்து, வெள்ளைக் காலில் மஞ்சளாக இறங்கிவிட்டது. நான் செக்கிங் சூப்பர்வைசர். வெள்ளையில் எண்ணெய்க் கறையைக் கண்டால் கை தானாகக் கறை மருந்தைப் பீய்ச்சுகிற துப்பாக்கிக்குப் போகும். பழக்கதோஷம். அடித்தேன். துணியென்றால் கறை போய், காய்ந்து, அடுத்த பீஸுக்குப் போயிருப்பேன். இது பிளாஸ்டிக். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் ஊற்றியது போல மங்கி, முழங்காலில் பொடிப்பொடியாக விரிசல் ஓடியது. பதறிப்போய் நிமிர்த்திப் பார்த்தேன். கால் என் கையோடு வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் குறை எழுதிக் கொடுக்கிற பெரிய புத்திசாலி நான்.

பசை போட்டு ஒட்டினேன். லாரியாக ஓடும், இனி ரோபோவாக நிற்காது.

சாயங்காலம் அவள் அப்பாவிடம் கொடுத்தபோது, நான் யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் பேசிவிட்டது. "முழங்கால்ல வரும்போதே ஒரு கீறல் இருந்துச்சுங்க. மடக்குனதும் விட்டுப்போச்சு."

வரும்போதே. எங்கள் ஊரில் எல்லார் நாக்கிலும் தயாராக இருக்கிற வார்த்தை அது. துணி ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். சாயப்பட்டறையில் கேட்டால், பின்னி வரும்போதே இப்படித்தான் என்பார்கள். பின்னியவரைக் கேட்டால், நூலே இப்படித்தான் வந்தது என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். பேக்கிங்குக்கு முன்னால் கடைசியாகத் துணியைத் தொடுகிறவர் அயர்ன் மாஸ்டர். கடைசிக் கை அவருடையது என்பதால் யாரோ செய்த தப்பு அவர் தலையில் விடிந்த நாள்கள் உண்டு. சிலதை அவர் பேரில் நானே எழுதியிருக்கிறேன்.

அவர் பொம்மையை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இருந்திருக்கும் சார்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். "மாமா, ஒரு நாள் கட்டில்லருந்து கீழ போட்டுட்டேன். அதுலதான் கீறல் விட்டிருக்கும். நீங்க கஷ்டப்பட்டு டயர் போட்டீங்க, நான் கெடுத்துட்டேன். ஸாரி மாமா." பிறகு, டயர் நல்லாத்தான் ஓடுகிறது என்று காட்டுவதற்காக லாரியைத் தள்ளிவிட்டாள். அது சத்தமில்லாமல் வந்து என் காலடியில் நின்றது.

"பரவால்ல கண்ணு" என்றேன். பரவாயில்லையாம். தப்புச் செய்த நான் அவளை மன்னித்துக்கொண்டிருந்தேன்.

அவள் போனதும் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "அந்தப் புள்ள எதுக்குங்க ஸாரி சொல்லோணும்? பொம்மைல கறை மருந்து வாசம் எனக்கே அடிச்சுது. தினமும் கம்பெனில இருக்கற அவங்கப்பாவுக்கு அடிச்சிருக்காதுங்களா?"

நாலு நாள் அயர்ன் டேபிள் பக்கமே நான் போகவில்லை. ஐந்தாம் நாள் போனேன். அவர் பனியனைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கீறல் இல்லீங்க. நான்தான் மருந்தடிச்சு ஒடச்சுப்போட்டேன்" என்றேன்.

"தெரியும் சார். வாடை அடிச்சுதே."

"அப்புறம் ஏனுங்க ஒண்ணும் சொல்லல?"

"உங்ககிட்ட என்னத்தச் சொல்ல" என்றார். கோபமில்லை, அயர்ன் பெட்டியும் நிற்கவில்லை. "பிள்ளைட்ட சொன்னேன், ஏட்டி, நீ ஒடைக்கலன்னு. மாமா பொய் சொல்லுவாகளான்னு கேக்கா. இப்ப ஒரு டம்ளரை எடுக்கச் சொன்னாக்கூட ஒடைச்சிருவேன்னு பயப்படுதா. நீங்களே வந்து சொல்லிருங்க சார்."

அன்று சாயங்காலம் என் ஒன்பதில் நல்லதொன்றை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுப் படியில் போய் நின்றேன். அவள் கதவருகில் வந்தாள். அவளுக்குச் சமமாக உட்கார்ந்துகொண்டு சொன்னேன். "உன் பொம்மைல கீறலே இல்ல கண்ணு. மாமாதான் கறை மருந்து அடிச்சு ஒடச்சுட்டேன். அப்புறம் பயந்துட்டுப் பொய் சொல்லீட்டேன்."

பொம்மையை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவேயில்லை.

"அப்ப நான் ஒடைக்கலயா மாமா?"

"இல்ல கண்ணு."

உள்ளே ஓடினாள். "அப்பா, நான் ஒடைக்கலயாம்."

"ஏட்டி, அப்படியா?" என்றார் அவர், அப்போதுதான் கேள்விப்படுகிறவரைப் போல.