எண்பதாயிரம் ரூபாய் வித்தியாசம்

மேலப்பாளையத்தில் டிராக்டர் உதிரிபாகம் விற்கும் கமர் நிஷாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கையில் நியாயமும் உண்டு. கணவர் சவூதியில், தம்மாமில் வேலை. பதினோரு வருஷமாகத் தம்பி ரசீதைத் துணைக்கு வைத்துக் கடையை நடத்துகிறாள். ஒரு கியரைக் கையில் வாங்கிப் பார்த்தே இரும்பு எப்படி என்று சொல்லிவிடுவாள். அந்தக் கணக்கில் அவள் தோற்று யாரும் பார்த்ததில்லை.

சீவலப்பேரி இசக்கிமுருகன் அன்று உற்சாகமாக வந்தார். வாழைத் தோட்டத்துக்கு மினி டிராக்டர் வாங்கப் போகிறார். பார்த்த இரண்டு வண்டிக்கும் ஒரே குதிரைத்திறன். சிவப்பைவிட நீலம் எண்பதாயிரம் கம்மி. மனைவி சுடலைவடிவின் சங்கிலியை விற்ற பணம். இன்னொரு தடவை புரட்ட முடியாது.

“தங்கச்சி, நீல வண்டிக்குச் சாமான் கெடைக்குமா?”

“எந்நேரமும் கெடைக்கும் அண்ணாச்சி.”

“அப்ப அதையே வாங்கிருதேன். அட்வான்ஸ் குடுக்கத்தான் போறேன்.”

அவள் சும்மா இருந்திருக்கலாம். நீல வண்டி பெருகப் பெருகக் கல்லா நிறையும். போன வருஷம் கடைக்குப் புது ஷட்டர் போட்டதே அந்த வண்டிக்காரர்கள் புண்ணியத்தில்தான். மனசு கேட்டால்தானே!

“ஏன் எந்நேரமும் வச்சிருக்கேன்னு கேக்கலியே. மாசம் நாலு கியர் போகுது. சிவப்பு வண்டிக்கு வாங்கினதப் பாருங்க.”

ஒரு பெட்டியை இறக்கி வைத்தாள். பறந்த தூசியில் அவருக்குத் தும்மல் வந்தது. மூன்று வருஷத்தில் அதிலிருந்து போனது ஒரே ஒரு கியர்.

“சிவப்பு வண்டி ஊர்ல கம்மியா இருக்கும்லா?”

“ரெண்டும் சரிக்குச் சரி ஓடுது அண்ணாச்சி.”

அவர் முகம் தொங்கிவிட்டது. “மிச்சத்துக்கு நான் எங்க போவேன்?”

“பைய வாங்குங்க. இந்தப் போகம் வாடகை வண்டி ஓட்டிக்கிடுங்க. அவசரப்பட்டு வாங்கி அது சேத்துக்குள்ள நின்னுட்டா, சங்கிலியக் கழட்டிக் குடுத்தாவளே மைனி, அவங்க மொகத்த எப்படிப் பாப்பிய?”

இசக்கிமுருகன் ஷோரூமுக்கு போன் போட்டு, “இன்னைக்கு வரல வே” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனார்.

ரசீது பெட்டியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தான். “ஏன் லாத்தா, பத்து வருசத்துக்கு வந்து போற கிராக்கிய இப்படியா வெரட்டுவிய?”

“அதத்தாம்லே நானும் சொல்லுதேன்,” என்றாள் கமர் நிஷா. “அந்த மனுசன் இந்தக் கடைப் படிய இனிமே மிதிக்காமலே இருக்கணும். அதுக்குத்தான் துஆ செய்யுதேன்.”