ஸ்கோர் பார்த்து ஏரிக்குப் போகிறவர்கள்

ஜெயித்தால் சந்தோஷப்பட வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தொழில்முறை டென்னிஸில் முதல் மேட்சை ஜெயித்த அன்றே எனக்குச் சனி பிடித்தது. அது சனி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. குப்பமே சிரித்துக்கொண்டிருந்தது, நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம். நைனா என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பாவும் அண்ணனும் ஏரியில் இறால் பிடிக்கிறவர்கள். அம்மா அதைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, ஒரு அனல்மின் நிலையத்தின் குடியிருப்பில் வீடு வீடாக விற்பாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். அங்கே ஒரு டென்னிஸ் மைதானம் இருந்தது. அதிகாரிகளின் பிள்ளைகளுக்குப் பந்து பொறுக்கிப் போட ஆரம்பித்தேன். பிறகு திருப்பி அடித்தேன். பிறகு அவர்களையே தோற்கடித்தேன். கடைசியில் சென்னையில் ஒரு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. இந்தக் கதையைப் பத்திரிகைக்காரர்கள் கண்ணீர் வருகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள், அதில் பாதி புளுகு. எனக்கு அந்த விளையாட்டில் பிடித்தது ஒன்றுதான். பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும். யாருடைய முகத்தையும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. கடல்தண்ணீர் ஏரிக்குள் ஏறி இறங்கும் முகத்துவாரத்துப் பக்கம்தான் இறால் நிறைய விழும். அந்த இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த நாள் என்று முறை பிரிப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. உன் பாடு வருகிற நாளில் அந்த இடம் உன்னுடையது. காய்ச்சல் என்று படுத்துவிட்டாலோ, காற்று அதிகம் என்று பயந்துவிட்டாலோ, அந்தப் பாடு போனது போனதுதான். அடுத்த சுற்று வரும்வரை கரையோரத்தில் கிடைக்கிற பொடி மீனைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். பாடு ஆண்களுக்கு மட்டும்தான். பெண்கள் வலையைத் தாண்டக்கூடக் கூடாது.

நான் முதல்முறையாகத் தொழில்முறைப் போட்டிகளுக்கு வடக்கே போக வேண்டியிருந்தபோது, ஊர்க்கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. இந்தச் சுற்றில் ஒரு நாள் பாடு என் பேரில் விடலாம், அன்றைக்கு விழுகிற இறால் என் செலவுக்கு என்று முடிவு செய்தார்கள். ஒரு பெண்ணின் பேரில் சீட்டு எடுத்தது எங்கள் குப்பத்தில் அதுதான் முதல்முறை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. ஊரே சேர்ந்து கொடுக்கிற ஒன்றை வாங்கிக்கொண்டால், ஊரே சேர்ந்து ஒருநாள் கேட்கும் இல்லையா? அம்மாவிடம் சொன்னேன். உனக்கு எல்லாவற்றிலும் குதர்க்கம்தான் என்று திட்டினாள்.

என் பேரில் விட்ட பாடும் என் முதல் மேட்சும் ஒரே நாளில் வந்து தொலைந்தன. நான் மூன்றாவது செட்டில் முட்டி மோதி ஜெயித்தேன். தரவரிசையில் என் முதல் புள்ளி கிடைத்தது. அன்று மாலை அண்ணன் போன் செய்தான். வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. வலையைத் தூக்க முடியவில்லை, பக்கத்துப் படகில் இருந்து ஆள் கூப்பிட்டோம், அவ்வளவு டைகர் இறால் என்று மூச்சு வாங்கினான்.

அதிலிருந்துதான் தொடங்கியது. என் மேட்ச் நாளில் அண்ணன் போனில் ஸ்கோர் பார்ப்பான். அவனைச் சுற்றி டீக்கடையில் பத்துப் பேர் நிற்பார்கள். டியூஸ் என்றால் என்ன, டைபிரேக் என்றால் என்ன என்று வலை பின்னுகிற விரல்களோடு விவாதம் நடக்கும். நான் ஜெயித்தால் உற்சாகமாகப் படகு எடுப்பார்கள். நான் ஜெயித்தும் வலை காலியாக வந்த நாட்கள் எத்தனையோ உண்டு. அவை ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. தோற்றும் வலை நிறைந்து வந்த நாட்களும் உண்டு. அவற்றுக்கும் அதே கதிதான்.

ஒருமுறை தொடர்ந்து தோற்றுவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த தடவை ஜெயித்துவிட்டுப் போனபோது எதிர்வீட்டு மாமா புதுவலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். “தொட்டுக் குடு கண்ணு,” என்றார். வலையைத் தாண்டாதே என்று சின்ன வயதில் என்னைக் காதைத் திருகித் துரத்தியவர் அவர். தொட்டேன். என் கை வேர்த்திருந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், அது பயம்.

ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. நான் வடக்கே ஒரு போட்டியில் கால் இறுதி வரை வந்திருந்தேன். மேட்ச் மத்தியானம். காலையில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. வழக்கமாகச் சாப்பிட்டாயா என்று ஆரம்பிப்பவள் மேட்ச் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். குரல் சரியில்லை. வாடைக்காற்று முந்தின நாளே ஏறிவிட்டது, ஏரிக்கும் போக வேண்டாம், கடலுக்கும் போக வேண்டாம் என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு நைனாவின் பாடு. அதுவும் முகத்துவாரத்தை ஒட்டிய இடம். நீரோட்டம் வேகம் எடுத்தால் படகை நேராகக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும்.

“போவலாமா வேணாமான்னு எல்லாரும் குந்திகினு கீறாங்கோ,” என்றாள். “நீ ஜெயிச்சா போவாங்கோ. தோத்தா ஊட்லயே இருந்துடுவாங்கோ.”

அவர்களைத் தடுத்து நிறுத்தச் சொன்னேன். தான் சொன்னால் கேட்கிற ஆட்களா என்றாள். நைனாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் படகுத்துறையில் இருந்தார், போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மாவுக்குப் பின்னால் தகரக் கூரை அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது.

“ஒரு மேட்ச்தானே கண்ணு,” என்றாள் அம்மா.

என்னைச் சுமந்துகொண்டு பஸ் பஸ்ஸாக அலைந்தவள், என் ராக்கெட்டை யாரையும் தொடவிடாதவள், என்னைத் தோற்கச் சொல்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

மைதானத்துக்குள் போகும்போதுகூட நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் தோற்றுக்கொள்ளலாம், அதற்கென்ன அவசரம் என்று நினைத்தேன். எதிரில் ஆடியவள் என்னைவிடப் பெரிய ஆட்டக்காரி, ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் சரியாக வரவில்லை. பந்து வந்தது, கை போனது. பல வருடம் பழக்கின கை, அதற்கு வாடைக்காற்றும் தெரியாது முகத்துவாரமும் தெரியாது. முதல் செட் என் பக்கம் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது என் பல் பாட்டிலில் தட்டியது.

இரண்டாவது செட்டிலும் மூன்றாவது செட்டிலும் நான் வலையில் அடித்தேன். கோட்டுக்கு வெளியே அடித்தேன். இரண்டு சர்வீஸையும் தப்பாகப் போட்டேன், திரும்பத் திரும்பப் போட்டேன். என் கோச் ஒரு கண்டிப்பான பெண்மணி. முதலில் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார், பிறகு நான் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். மேட்ச் முடிந்து கை கொடுக்கும்போது எதிராளி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நைனா வீட்டில் இருப்பார், அண்ணன் வீட்டில் இருப்பான். அரை இறுதி போனால் போகட்டும்.

உடை மாற்றும் அறைக்குப் போனதும் அம்மாவைக் கூப்பிட்டேன். தோற்றுவிட்டேன் என்றேன்.

“மொதல் செட்டு ஜெயிச்சதுமே போய்ட்டாங்கோடி,” என்றாள். “காத்து இன்னும் ஏர்றதுக்குள்ள போய்டலாம்னு கெளம்பிட்டாங்கோ.”

விடியும்வரை நான் அந்தப் போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. அவர்கள் வந்துவிட்டார்கள். அண்ணனுக்குக் கயிறு அறுத்து உள்ளங்கை கிழிந்திருந்தது. கூடப் போன எதிர்வீட்டு மாமாவின் புதுவலையை ஓட்டம் கொண்டுபோய்விட்டது. ஆனால் எங்கள் படகில் கூடை கூடையாக இறால். அதைவிடக் கெட்டது ஒன்றும் நடந்திருக்க முடியாது. அவர்கள் நனைந்து நடுங்கி வெறுங்கையோடு வந்திருந்தால் ஊருக்குப் புத்தி வந்திருக்கும். வலை நிறைந்து வந்ததால் நம்பிக்கை கெட்டிப்பட்டுவிட்டது. அதோடு ஒரு திருத்தமும் செய்துகொண்டார்கள். முழு மேட்சும் வேண்டாம், பொண்ணு முதல் செட்டை எடுத்தாலே போதுமாம்.

அதற்குப் பிறகு மழைக்காலத்தில் நான் ஆடிய மேட்சுகளைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். முதல் செட் போகும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுவேன். சில மேட்சுகளை அப்படியே மீட்டேன், பலவற்றை மீட்க முடியவில்லை. அன்றைக்கு நைனாவின் பாடா, காற்று எப்படி என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் ஷூ மாட்டுவேன். தோற்ற நாட்களில் மாலை அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பேன். யாரும் போகவில்லை, எல்லாரும் தூங்குகிறார்கள் என்பாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் எனக்குச் சோறு இறங்கும். உனக்கு உடம்பு சூடாகவே நேரம் ஆகிறது, இப்படியே போனால் மேலே வர முடியாது என்று கோச் சொன்னார். என் வயதுக்காரிகள் ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள். நான் தரவரிசையில் இருந்த இடத்திலேயே நின்றேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் நைனாவே போனை எடுத்தார். மறுநாள் எனக்கு மேட்ச், அவருக்குப் பாடு. எச்சரிக்கையும் கொடுத்திருந்தார்கள். இத்தனை நாள் அடக்கியது எல்லாம் அன்றைக்குப் பொங்கிவிட்டது. நான் ஆடுவதற்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம், படித்த பிள்ளை அண்ணனுக்குக்கூடவா தெரியவில்லை, உங்களை வீட்டில் உட்காரவைக்க நான் எத்தனை செட்டை விட்டுக்கொடுப்பது என்று கத்தினேன். அழுதுகொண்டே கத்தினேன். நைனா குறுக்கே பேசவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான், எதிராளி முடிக்கும்வரை காத்திருப்பார்.

“விட்டுக் குடுத்தியா?” என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“நீ தோத்த அன்னிக்கும் போனோம்மா. உன்கிட்ட சொல்ல வேணாம்னு உங்கம்மாதான் சொன்னா. பாடு வந்தா போய்த்தானே ஆவணும்? நீ ஜெயிச்சா தைரியமா போவோம். தோத்தா பயந்துகினு போவோம். அவ்ளோதான்.”

நான் வேண்டுமென்றே விட்ட ஒவ்வொரு செட்டும் வரிசையாக வந்து நின்றது. அந்தக் காற்றில், அந்த ஓட்டத்தில், என் அப்பனும் அண்ணனும் பயந்துகொண்டே வலை கட்டியிருக்கிறார்கள். நான் இங்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். நாளைக்குப் போகாதே நைனா என்று கேட்டேன். மேட்ச் எத்தனை மணிக்கு என்று அவர் கேட்டார். சொன்னேன்.

மறுநாள் முதல் பந்திலிருந்தே அடித்தேன். கோச்சுக்கு நம்ப முடியவில்லை, எதிராளிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. முதல் செட் சீக்கிரமே முடிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டேன். இந்நேரம் அண்ணன் ஸ்கோரைப் பார்த்திருப்பான், படகைத் தள்ளியிருப்பார்கள், தைரியமாகப் போவார்கள். அங்கே காற்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நடுவர் நேரம் ஆகிவிட்டது என்று கூப்பிட்டார். நான் எழுந்து சர்வீஸ் போடப் போனேன்.