கோட்டுப் போட்டுக்கொண்ட முகங்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். எனக்கு ஆங்கிலம் சரளமாக வரும் என்று எங்கள் மானேஜர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில்தான், சரக்குக் கப்பலில் வந்திறங்கிய ஜெர்மன் ஓவியரை என் தலையில் கட்டினார்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். மனித முகங்களை மட்டுமே வரைபவர். அவர் ஊரில் பாங்கு டைரக்டர்களும் ஆலை முதலாளிகளும் அவரிடம்தான் படம் வரைந்துகொள்வார்களாம்.

"உண்மையில் நான் வரைந்ததெல்லாம் கோட்டுகளைத்தான். மேலே காலியாக விட முடியாதே என்று ஒரு முகத்தையும் வைத்துவிடுவேன்" என்றார்.

மனைவி இறந்தபின் அந்த வேலை அவருக்குக் கசந்துவிட்டது. முத்துக்குளிப்பவர்களை உடம்பில் நீர் சொட்டச் சொட்ட வரைய வேண்டும் என்று புறப்பட்டு வந்துவிட்டார். முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகிறது, இப்போது சங்குதான் எடுக்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பரவாயில்லை, முகம் முகம்தானே" என்றார்.

வள்ளத்திலிருந்து இறங்கிய ஒரு சங்குகுளிப்பவரை அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. அகன்ற தோள், உப்புநீரில் சிவந்தே போய்விட்ட கண்கள்.

"அண்ணாச்சி, நாளைக்கு இப்படியே கரையேறின கையோட வந்தாப் போதும். படம் வரையணும்ங்காரு" என்றேன்.

அவர் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "இந்தக் கோவணத்தோடயா? படம் எத்தன காலத்துக்கு இருக்கும்?"

"நூறு வருசம்கூட இருக்கும்."

"அப்பம் ஒங்க கல்யாணத்துல போட்டிருந்தீங்கள்ல, அந்தக் கோட்டக் கொஞ்சம் குடுங்க தம்பி."

மறுநாள் ஏஜென்சி மாடியறைக்கு அவர் என் கோட்டில் வந்தார். தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர். ஓவியர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். கழற்றச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

"இவரு ஊருப் பெரிய ஆளுகளயும் இப்படித்தான் கழத்தச் சொல்லுவாரா? கேளுங்க."

கேட்டேன். ஓவியர் தூரிகையை மறுபடி எடுத்தார். கோட்டுக்கான கறுப்பு வண்ணத்தைக் குழைக்க ஆரம்பித்தார்.

செய்தி பரவிவிட்டது. ஐஸ் கம்பெனிக்காரர் வந்தார், மீன் ஏலம் விடுபவர் வந்தார், மாதா கோயிலில் வயலின் வாசிப்பவர் வந்தார். எல்லோரும் என் கோட்டில்தான் வந்தார்கள். கோட்டுகளிடமிருந்து தப்பிக்கக் கடல் தாண்டி வந்த மனிதர், இங்கே ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். என் மனைவிதான் அதை அடிக்கடி வெயிலில் காயப்போட்டுச் சலித்துப்போனாள்.

ஆனால் சங்குகுளிப்பவர் படத்தைத்தான் அவர் விடாமல் தீட்டினார். அந்த வெக்கையில் பவுடர் கோடு கோடாக வழிந்தும் அண்ணாச்சி ஒரு பொத்தானைக்கூட அவிழ்க்கவில்லை. முடிந்த படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோளில் இறுக்கிப் பிடித்த கோட்டுக்குள், ஏழை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார் ஒரு மனிதர்.

"டைரக்டர்களும் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான்தான் கவனிக்கவில்லை" என்றார் ஓவியர்.

படத்தை அண்ணாச்சிக்கே கொடுத்துவிட்டார். அண்ணாச்சியின் மனைவி உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? குடிகாரன் கணக்கால்லா இருக்கு. கொஞ்சம் வெள்ளை வைக்கச் சொல்லுங்க."

"ஏளா, சும்மா கெட" என்றார் அண்ணாச்சி. "உள்ளத உள்ளபடி வரைஞ்சிருக்காரு. பொய்யாவா வரைய முடியும்?"

இரவல் கோட்டு அப்போதும் அவர் மேல்தான் இருந்தது. ஓவியர் என்னிடம் அர்த்தம் கேட்டார். மொழிபெயர்த்தேன். மிகுந்த மரியாதையோடு தலையசைத்தார்.

அடுத்த கப்பலில் அவர் போய்விட்டார். வெகுநாள் கழித்து அவர் ஊரைச் சேர்ந்த கப்பல் அதிகாரி ஒருவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். அவரிடம் விசாரித்தேன்.

"மறுபடியும் பாங்குக்காரர்களைத்தான் வரைகிறார். முன்போல வாடிக்கை இல்லை. கோட்டை ஒரே நாளில் முடித்துவிட்டு, முகத்துக்கு மாதக்கணக்கில் உட்காரவைக்கிறாராம். யாருக்குப் பொறுமை இருக்கிறது?"

"வருத்தப்படுகிறாரா?"

"அவரா? வருத்தமெல்லாம் பாங்குக்காரர்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய தாள்களைக் கேட்டார் அதிகாரி.