பம்பு வேண்டாமென்ற தப்பால்காரர்

2004 தை மாதம், மூன்று வார லீவில் சுவிஸ் பேர்னிலிருந்து காவத்தைக்கு வந்திருந்தேன். பேர்னில் என்னோடு வேலை செய்பவர்கள் கோடையில் விடியற்காலை புறப்பட்டு, மலைப் பள்ளத்தாக்குகளைச் சைக்கிளில் சுற்றிவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புவார்கள். எங்கள் ஊரிலும் அப்படியொரு பாதை இருக்கிறது, நானே போகப்போகிறேன் என்று அவர்களிடம் வாய்விட்டுவிட்டேன். காவத்தையிலிருந்து மாதம்பை, இறக்குவானை. அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் சூரியகந்த. அன்றைக்கே திரும்பிவிட வேண்டும். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. அந்த வளைவுகளில் பஸ்ஸில் போகும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவன் நான்.

பள்ளிக்கூட நண்பன் கபூர் டவுனில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தான்.

"ஏழுமலை அண்ணனக் கூட்டிக்கொண்டு போ மச்சான். இருபத்தாறு வருஷமாத் தப்பால் பையோட இந்த மலையில ஓடுற மனிசன்."

ஏழுமலைக்கு ஐம்பது வயதிருக்கும். டவுனுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தபால் கந்தோரில் கொடுத்த கறுப்புச் சைக்கிளில் தினமும் காலையில் இறங்கிவந்து, தபால் பையை வாங்கிக்கொண்டு ஏறுவார். ஏற்றத்தில் உருட்டுவார், இறக்கத்தில் மிதிக்காமல் விடுவார். சிங்களத்திலோ இங்கிலீஷிலோ விலாசம் எழுதியிருந்தாலும் எந்த லயத்து வரிசை வீட்டுக்கு யார் எழுதியது என்று கையெழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம்.

கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து பயணத்துக்குத் திட்டம் போட்டோம். ஐந்தாம் வகுப்புவரை தமிழிலும் பிறகு சிங்களத்திலும் படித்ததால் என் பட்டியல் பாதி இந்த எழுத்து, பாதி அந்த எழுத்து. ட்யூப் இரண்டு, ஒட்டுத்துண்டு, பசை, பம்பு, பனடோல், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பக்கற் ஆறு, அடையாள அட்டையின் கொப்பி. ஏழுமலை விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனார்.

"ஜீவனி இருக்கட்டுங்க. பனடோலும் இருக்கட்டும். பம்பு வேணாங்க சார்."

"ஏன்?"

"பாரங்க."

தோட்டத்துக் கடிதம் முழுவதையும் மலையேற்றுகிறவருக்கு ஒரு பம்பு பாரமா? எனக்குப் புரியவில்லை. பட்டியலில் ட்யூபையும் அவரே வெட்டினார். பசையையும் வெட்டினார்.

அடுத்த நாள் மாலை, நேரக் கணக்குப் போட்டோம். நான் சனிக்கிழமை என்றேன். அவர் ஞாயிற்றுக்கிழமைதான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"ஒம்பது மணிக்கெல்லாம் இறக்குவானையத் தாண்டி, ரோட்டோரமா ஒரு லயம் இருக்குங்க, அங்க நிக்கணும்."

"அங்கிருந்து சூரியகந்தைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"அதுக்கு மேல பாத்துக்கலாங்க."

அதற்கு மேல்தான் மலையே தொடங்குகிறது. என் வரைபடத்தில் அந்த லயத்துக்கு அப்பால் அவர் ஒரு புள்ளிகூட வைக்கவிடவில்லை. எழுந்து போகும்போது திரும்பி நின்று, "நல்ல டயர் ஒண்ணு, ஆணி கீணி ஏறாம, சும்மாவே காத்து எறங்குமாங்க சார்?" என்று கேட்டார். பயப்படுகிறார் என்று நினைத்து, அவருக்குப் புது டயரே வாங்கித் தருகிறேன் என்றேன். மனிதரின் முகம் விழுந்துவிட்டது.

பயணத்தையே கைவிடும் யோசனையில், நடந்ததையெல்லாம் கபூரிடம் சொன்னேன். கபூர் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒனக்கு வெளங்கல்லயா? அந்த லயத்துலதான்டா அவர்ர மகள் இருக்கா."

மகள் சுதர்ஷினி ஐந்து வருடத்துக்கு முன், லொறி ஓட்டும் நிரோஷனைத் தானே விரும்பிக் கட்டிக்கொண்டாள். தங்கை மகனுக்கென்று வாக்குக் கொடுத்திருந்த ஏழுமலை, கோயில் வாசலில் நின்று, இவர் தங்கை குடும்பமும் கேட்க, "நானாத் தேடிப்போய் அவ வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சாமி முன்னால் சொன்ன சொல். அதன் பிறகு மகள் தாய்க்கு மாதம் ஒரு கடிதம் எழுதினாள். அதுவும் இவர் பையில்தான் வரும். மற்ற வீடுகளுக்குக் கொடுப்பதுபோல வாசலில் நின்று, "கருப்பாயி, கடுதாசி" என்று மனைவி பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். போன மாதக் கடிதத்தை மட்டும் கருப்பாயி சத்தம்போட்டு வாசித்தாள். பேரனுக்கு மூன்று வயது. தாத்தா எங்கே என்று கேட்கிறானாம்.

"தனியாப் போனா அது தேடிப் போறது. ஒனக்கு வழிகாட்டப் போற நேரம் டயர் போனா, அது டயர் செஞ்ச வேல. பம்பு இருந்தா ஏன் லயத்துக்குப் போனாய்னு அவர்ர தங்கச்சி கேக்க மாட்டாளா?"

உண்மையாகவே டயர் போனால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். இரண்டு தடவை பம்பைப் பைக்குள் வைத்து, இரண்டு தடவையும் வெளியே எடுத்தேன்.

ஞாயிறு விடிய முன் புறப்பட்டோம். ஒன்பது மணிக்கு முன்பே இறக்குவானையைத் தாண்டிவிட்டோம். லயத்துக்கு முந்திய கடைசி வளைவில் ஏழுமலை இறங்கி, டயரின் காற்றைத் திறந்துவிடுவார் என்று எதிர்பார்த்து நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் நிற்கவில்லை. லயம் தெரிந்ததும் கால் தானாக மிதித்துக்கொண்டு போய்விட்டது போலும்.

ரோட்டோரத் தண்ணீர்ப் பீலியில் சுதர்ஷினி துணி அலசிக்கொண்டிருந்தாள். அவளுடைய சேலையைப் பிடித்தபடி ஒரு பையன். ஏழுமலை இறங்கினார். மகளைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தார்.

"காத்து எறங்கிருச்சும்மா. அதான் நின்னேன்."

டயர் கல்லு மாதிரி இருந்தது. எனக்கே தெரிந்தது. லய வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர், "டயர் நல்லாத்தானே இருக்கு தப்பால்காரரே!" என்று கத்தினார். ஏழுமலை அப்போதுதான் அதைக் கவனித்தார். கை ஹாண்டிலுக்குப் போனது. திரும்பிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

சுதர்ஷினி ஈரக்கையோடு வந்து குனிந்தாள். பெருவிரலால் டயரை அமுக்கினாள். அமுங்கவில்லை. தகப்பன் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வால்வைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று வெளியேறிய சத்தம் கிழவருக்கும் கேட்டிருக்கும்.

"ஆமாப்பா, சுத்தமா எறங்கிருச்சு. பம்ப அவரு டவுனுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. சாயங்காலந்தான் வருவாரு."

பம்பைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்துவிட்ட நிரோஷன் அவள் சொன்னதைக் கேட்டான். பம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், அப்படியே பின்னுக்கு நடந்து வீட்டுக்குள் மறைந்தான்.

ஏழுமலை சைக்கிளைப் பீலிச் சுவரில் சாய்த்தார். பையன் அவருடைய காக்கிச் சட்டைப் பையை எட்டிப் பார்த்து, "கடுதாசி இருக்கா?" என்று கேட்டான்.

"இல்லடா. இன்னைக்கு நான்தான் வந்திருக்கேன்."

அவனைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டினார். சுதர்ஷினி என் சைக்கிள் பக்கம் திரும்பினாள்.

"சாரோடதும் எறங்கியிருக்குமே?"

"இல்லையில்லை, என்னுடையது நல்லாத்தான்..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் குனிந்துவிட்டாள்.