கிணற்றுக்குள் படகு இன்ஜின்

எங்கள் வீட்டில் தறி ஒரு பக்கம், கழனி ஒரு பக்கம். வாலாஜாபாத்துக்கும் தென்னேரிக்கும் நடுவில் உள்ள ஊர். நான் தறிக்குழியில் உட்கார்ந்து பட்டு நெய்வேன், என் வீட்டுக்காரர் கிணற்றில் இன்ஜின் ஓட்டுவார். கிணறு வீட்டுக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரம். அதனால் கை தறியில் இருந்தாலும் என் காது கிணற்றில்தான் இருக்கும். இன்ஜின் சத்தம் சீராக வந்தால் தறியில் நாடா இடமும் வலமும் ஓடும். சத்தம் இழுத்து இழுத்து நின்றால் என் கையும் நின்றுவிடும்.

ஏன் என்கிறீர்களா? அந்த இன்ஜின் கிணற்றுக்கென்று செய்ததே இல்லை. பட்டணத்தில் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று, கடலில் ஓடிய ஒரு படகின் இன்ஜினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார் மனுஷன். ஊரே வேடிக்கை பார்த்தது. தண்ணீர் கீழே போய்விட்ட வருஷங்கள் அவை, மேலே வைத்தால் பம்பு இழுக்காது. கிணற்றின் பாதி ஆழத்தில் சுவரைக் குடைந்து, மேடை கட்டி, அதில் உட்கார வைத்தார்கள். டீசல் டேங்கு மேலே படிக்கட்டோரம். டீசலை வடிகட்டுகிற பில்டர் மட்டும் இன்ஜினின் இடது பக்கத்தில் இருந்தது. படகில் அந்தப் பக்கம் ஆள் நிற்க இடம் இருந்திருக்கும். எங்கள் கிணற்றில் அந்தப் பக்கம் வெறும் பள்ளம். கீழே முழங்கால் தண்ணீர், அதற்குள் பாறை. இன்ஜினைத் திருப்பி வைக்கலாமென்றால் பம்பு சுவரில் முட்டியது.

அந்த நாளில் கிடைத்த டீசலோ ஒரே கசடு. பில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் நின்றுவிடும். உடனே இவர் மேடையிலிருந்து பள்ளத்தின் மேல் ஒரு பலகையை நீட்டி, அதில் குப்புறப் படுத்து, ஒரு கையால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்பேனர் போட்டுக் கழற்றுவார். பலகை வழுக்கினால் மண்டை பாறையில்தான்.

தறிக்குழியில் எனக்கு வேண்டியதெல்லாம் கைக்கு எட்டும். எட்டாத இடத்தில் சாமானை வைத்துக்கொண்டு நெய்கிறவளை நான் பார்த்ததில்லை. "அந்த பில்டர கழட்டி மேல, படிக்கட்டாண்ட, டீசல் டேங்குக்குக் கீழ மாட்டுங்க. அங்கேருந்து நீளமா ஒரு பைப்பு வுட்டா தீந்துது" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வற்றியது.

"கடல்லயே ஓடுன இன்ஜின்மே இது. கம்பெனிக்காரன் வெச்ச எடத்த நீ மாத்தப் போறியா? போ, தறிய பாரு" என்பார். சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. அவர் வெளியே போயிருந்தபோது கிணற்றில் இறங்கி, மேல் படியிலிருந்து இன்ஜின் வரைக்கும் கயிறு பிடித்து அளந்துகொண்டு வந்தேன். நெய்து முடித்த புடவையை முதலாளி வீட்டில் கொடுக்கக் காஞ்சிபுரம் போனபோது அந்தக் கயிறும் என் பையில் போயிற்று. இன்ஜின் சாமான் விற்கிற கடையில் அதே நீளத்துக்குச் செம்புக் குழாய் வாங்கி, இரண்டு முனையிலும் நட்டு போட்டுத் தரச் சொன்னேன். கடைக்காரர் அதை வளையம் வளையமாகச் சுருட்டிக் கொடுத்தார். மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மதுவிலக்கு இருந்த காலம் அது. செம்புக் குழாயை அப்படிச் சுருட்டி வைத்திருப்பது சாராயம் காய்ச்சுகிறவர்கள்தான் என்று ஊருக்கே தெரியும், அந்த நினைப்பு எனக்குத்தான் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள். வாலாஜாபாத்தில் இறங்கியதும் ஒரு போலீஸ்காரர் வழியை மறித்தார்.

"இன்னாம்மா, புதுசா அடுப்பு வெக்கறியா? எத்தினி பானை போடறீங்க?"

"ஐயோ, இன்ஜினுக்குங்க!"

"எல்லாரும் ஒண்ணு சொல்லுவாங்க. நட, உன் இன்ஜின நானும் பாக்கறேன்."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வர, நான் குழாயோடு முன்னால் நடந்தேன். மானம் போயிற்று. எங்கள் தெருவில் ஒரு வாசல் மிச்சமில்லை, எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். மனசுக்குள் அந்த ஆளை வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டே போனேன். கிணற்றை நெருங்கியபோது இன்ஜின் சத்தம் இல்லை.

எட்டிப் பார்த்தேன். இவர் மேடையில் பலகையை நீட்டிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போயிற்று. போலீஸ்காரர் படியிறங்கி மேடைக்குப் போனார். "பில்டருக்கு பைப்புன்னு உன் சம்சாரம் சொல்லுது. எங்கய்யா அந்த பில்டரு?"

"தோ, காட்டறேங்க" என்று பலகையில் குப்புறப் படுத்தார் இவர். பயத்தில் ஒரு சாண் அதிகமாகவே முன்னால் போய்விட்டார். பலகையின் பின் முனை மேலே எழும்பியது. ஸ்பேனர் கீழே விழுந்து பாறையில் டங்கென்று கேட்டது. போலீஸ்காரர் தொப்பென்று இவருடைய இரண்டு கால்மேலும் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் தொப்பி பறந்து தண்ணீரில் விழுந்தது.

இவரை இழுத்து மேடையில் போட்டபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. "யோவ், அறிவு இருக்குதா உனக்கு? பொண்டாட்டி இருக்கறவன் செய்யற வேலையாய்யா இது?" என்று கத்தினார் போலீஸ்காரர். "நாளைக்கு வருவேன். அந்த பைப்பு மாட்டாம கெடந்துச்சு, சாராயம் காய்ச்சத்தான் வெச்சிக்கினு இருக்கீங்கன்னு எழுதி ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவேன்!"

போலீஸ்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கிணற்றுக்குள் இறங்கித் தொப்பியைத் துழாவி எடுத்துப் பிழிந்து கொடுத்தேன். அவர் தலை மறைந்ததும் இவர் பக்கம் திரும்பினேன். "ஒரு வருசமா நான் கத்துனது காதுல ஏறல, காக்கி சட்டக்காரன் சொன்னா வேதவாக்கு, இல்ல?" இன்னும் என்னென்னவோ கேட்டேன். வழக்கமான சிரிப்பு இல்லை. குடிக்கக் கொடுத்த தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த குழாயை வாங்கிப் பிரிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் பில்டரை மேலே படிக்கட்டுப் பக்கச் சுவரில் மாட்டிவிட்டார். நின்றபடியே கழற்றலாம், கழுவலாம்.

ஆனால் என் காது மாறவில்லை. டீசல் கசடு அதே கசடுதானே. இன்ஜின் நின்றால் நாடா நின்றது. அவர் மேலேதான் நிற்கிறார் என்று தெரியும், தெரிந்து என்ன செய்ய? தறிச் சத்தம் நின்றுபோவது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் இன்ஜின் நின்றதும் கிணற்றங்கரையிலிருந்து குரல் வந்தது.

"மேலதான் இருக்கேன்மே!"

கரண்டு மோட்டார் வருகிற வரைக்கும், ஒவ்வொரு தடவை இன்ஜின் நின்றபோதும், பில்டரைத் தொடுவதற்கு முன்னால் அவர் அதைக் கத்திவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தார்.